ஒழுகலுக்கு வயது அறுபத்தொன்று

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் நாத்தனார். போன மழைக்கு முந்தின மழையில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், தன் கடைசி மகளின் ஏழு நோட்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"அண்ணி, இஸ்திரிப் பெட்டி இருக்கா? எங்க வீட்டுப் பெட்டி சூடாக மாட்டேங்குது."

"இருக்கு. துணி எங்கே?"

"துணி இல்லை. நோட்டு. எல்லாம் நனைஞ்சு போச்சு."

நான் ஒவ்வொரு பக்கமாக இஸ்திரி போட, அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே சொன்ன கதை இது. மீதியை நானே கண்ணால் பார்த்தேன். இதில் நான் எதையும் கலக்கவில்லை. கலக்க வேண்டிய அவசியமே இல்லாமல் கடவுள் பார்த்துக்கொண்டார்.

நாத்தனார் அரசு உயர்நிலைப் பள்ளியில் எழுத்தர். அங்கே யார் வந்தாலும் போனாலும் அவள் மேசையைத் தாண்டித்தான் ஆகவேண்டும். அவளுடைய கடைக்குட்டி அப்போது அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. அந்தப் பள்ளியில் பிள்ளைகள் வருகைப் பதிவேட்டு எண்படிதான் உட்கார வேண்டும். குட்டிக்கு எண் பதினேழு. பதினேழுக்கு உரிய இடம் மூன்றாவது வரிசை, நடு பெஞ்சு. அதற்கு நேர் மேலே தளத்தில் ஒரு விரிசல். மழை பெய்தால் அந்த விரிசல் வழியாக ஒரு சொட்டு, பிறகு ஒரு சொட்டு, பிறகு ஒரு சொட்டு.

பெஞ்சைத் தள்ளிப் போட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஐம்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கிற அறை அது. பெஞ்சை முன்னால் தள்ளினால் கதவு திறக்காது. பின்னால் தள்ளினால் கடைசி வரிசை ஜன்னலுக்கு வெளியே போய்விடும். ஆகவே பெஞ்சு அங்கேயே இருந்தது. அதன்மேல் ஒரு தகர வாளி இருந்தது. வாளிக்குப் பின்னால் பதினேழாம் எண் இருந்தது. வாளி நிரம்பினால் எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வருவதும் பதினேழாம் எண்ணின் கடமை.

குட்டிக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மழைக்காலம் வந்தால் வாளியில் ஒரு சத்தம், அவள் நெஞ்சில் ஒரு சத்தம்.

தலைமையாசிரியரை எல்லாரும் பெரிய டீச்சர் என்போம். அவரும் சும்மா இருக்கவில்லை. தளத்தைச் சரிசெய்து தரும்படி மேலிடத்துக்கு எழுதினார். அவருக்கு முன்னால் இருந்தவரும் எழுதினார். அவருக்கும் முன்னால் இருந்தவரும் எழுதினார். வருஷத்துக்கு ஒரு கடிதம், தவறாமல். பதில் வருவது வழக்கமில்லை. பதில் வராததால் யாரும் வருத்தப்படுவதும் வழக்கமில்லை.

அந்த வருஷம் பதில் வந்தது.

"அண்ணி, பதிலே வந்துடுச்சு!" என்றாள் நாத்தனார். நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பதில் இப்படி இருந்தது. பார்வையில் கண்ட கடிதத்தின்மீது உரிய கவனம் செலுத்தப்பட்டது. தளப் பழுது கோரும் பள்ளியானது தான் யார் என்பதை இதுவரை தெளிவுபடுத்தவில்லை. புதிய சுற்றறிக்கையின்படி ஒவ்வொரு பள்ளியும் தன் வரலாற்றையும் அடையாளத்தையும் நாற்பது நாட்களுக்குள் நிறுவ வேண்டும். அடையாளம் இல்லாத பள்ளி வெறும் கட்டடமாகக் கருதப்படும். வெறும் கட்டடத்துக்குப் பழுது பார்த்தல் இயலாது. இவண்.

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

"முதல்ல நீ யாருன்னு சொல்லு, அப்புறம் ஒழுகறதைப் பத்திப் பேசலாம்னு அர்த்தம்."

அந்தச் சமயத்தில் அடையாளம் என்பது எங்கும் பரவியிருந்த ஒரு காய்ச்சல். பக்கத்துத் தெருவில் தையல்காரர் கடையே "பாரம்பரியத் தையலகம்" ஆகிவிட்டது. போன வருஷம் திறந்த கடை அது. ஆகவே பள்ளிக்கூடத்துக்கு வந்ததை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தால் தளத்தைப் பூசித் தருவார்கள், குட்டி மூச்சு விடுவாள், அவ்வளவுதானே என்று நாங்கள் நினைத்தோம்.

முப்பதாவது நாள் அடையாள அலுவலர் வந்தார். அவருக்கு முத்திரை ஐயா என்று பெயர் வைத்திருந்தார்கள். தன் முத்திரையையும் மைப்பெட்டியையும் யாரிடமும் தராமல் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். அதனால் நெஞ்சில் எப்போதும் ஊதா நிறத்தில் ஒரு கறை. நல்ல மனுஷர். கோபமே வராது. கோபம் வருகிறவரிடமாவது நாம் பேசிப் பார்க்கலாம்.

"பள்ளியைத் தோற்றுவித்தவர் யார்?" என்று கேட்டார்.

"தெரியலை சார்" என்றார் பெரிய டீச்சர்.

"எந்த ஆண்டு?"

"முதல் பதிவேட்டுல முதல் பக்கத்துல இருந்திருக்கும். அந்தப் பக்கம் கரைஞ்சு போச்சு."

"எப்படிக் கரைந்தது?"

"ஒழுகித்தான் சார்."

"சின்னம்?"

"இல்லை."

"குறிக்கோள் வாசகம்?"

பெரிய டீச்சர் யோசித்தார். "முன்பக்கச் சுவத்துல ஒண்ணு எழுதியிருக்கு. 'இங்கே சைக்கிள் நிறுத்தக் கூடாது'ன்னு."

"யாராவது அதைப் பின்பற்றுகிறார்களா?"

"யாரும் இல்லை."

"குறிக்கோளுக்கு உரிய தகுதி அதற்கு இருக்கிறது. ஆனால் ஆவணம் வேண்டுமே. வாசலில் ஒரு மரம் நிற்கிறதே, அது எத்தனை ஆண்டுப் பழமை?"

"சார், அங்கே போன வருஷம் மரம் நடு விழாவுக்கு வந்தப்ப நீங்கதான் ஒரு கன்னு நட்டீங்க."

"அதுவா இவ்வளவு வளர்ந்திருக்கிறது!"

"இல்லை சார். அதை ஆடு தின்னுடுச்சு. இது தானா முளைச்சது."

முத்திரை ஐயா தம் கையிலிருந்த கையேட்டைப் பிரித்தார். அடையாளம் என்பதற்கு மூன்று தகுதிகள் வேண்டுமாம். இடைவிடாத தொடர்ச்சி, எழுத்துப்பூர்வமான ஆவணம், வேறெங்கும் இல்லாத தனித்தன்மை. இந்த மூன்றும் உள்ள ஒரு பொருளாவது இந்த வளாகத்தில் இருக்கிறதா என்று கேட்டார். மணி மூன்று தடவை மாறிவிட்டது. சுவரின் நிறம் எந்த வருஷம் எந்தச் சாயம் மிச்சமிருக்கிறதோ அந்த நிறம். நல்லாசிரியர் ஒருவர் இருந்தார், அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

"வருஷா வருஷம் விடாமல் எழுதப்பட்ட ஏதாவது ஒரு காகிதம்?" என்று நாத்தனாரைப் பார்த்துக் கேட்டார்.

இந்த இடத்தில் அவள் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் என் நாத்தனாருக்கு ஒரு பழக்கம். கோப்பு கேட்டால் கையில் இல்லை என்று சொல்லத் தெரியாது. பீரோவைத் திறந்து, ஒழுகல் கடிதங்களின் நகல் கோப்பை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள். அறுபத்தொரு கடிதங்கள்.

முத்திரை ஐயா படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்ததாம். பிள்ளை பிறந்த வீட்டில் மாமனார் முகம் மாதிரி என்றாள் நாத்தனார்.

"ஒரு வருஷம்கூட விடுபடவில்லை! எல்லாவற்றிலும் ஒரே இடம். 'ஒன்பதாம் வகுப்பு, மூன்றாவது வரிசை, பதினேழாம் எண்ணின் மேல்.' ஒருவர் சொட்டுகளை எண்ணியே எழுதியிருக்கிறார். 'நிமிஷத்துக்கு முப்பத்தாறு.' அம்மா, உங்களுக்கு என்ன கிடைத்திருக்கிறது என்று தெரிகிறதா?"

"தெரியும் சார். ஒழுகல்."

"தொடர்ச்சி, ஆவணம், தனித்தன்மை!"

"சார், அது குறை."

"குறையா நிறையா என்பது தங்கள் சொந்த அபிப்பிராயம். கையேட்டில் அப்படி ஒரு பிரிவே இல்லை."

அவர் எழுந்து ஒன்பதாம் வகுப்புக்குப் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. வாளியில் டங் என்று ஒரு சொட்டு விழுந்தது. முத்திரை ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். குட்டி எழுந்து நின்றாள்.

"நீதான் தற்போதைய பதினேழா?"

"ஆமாங்க சார்."

"பெருமையாக இருக்கிறதா?"

"ஈரமா இருக்கு சார்."

அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

பத்து நாளில் ஆணை வந்தது. மேற்படி பள்ளியின் அடையாளம் ஒழுகல் என்று இதன்மூலம் அறுதியிட்டு அறிவிக்கப்பட்டது. பள்ளியின் வயது அறுபத்தொன்று. அதற்கு முன்னால் பள்ளிக்கூடம் இருந்ததா என்றால், இருந்திருக்கலாம், ஆனால் ஒழுகவில்லை, ஆகவே கணக்கில் வராது. சின்னம், ஒரு வாளியும் அதன்மேல் ஒரு சொட்டும். பிள்ளைகளின் சட்டைப் பையில் வாளி வந்தது. தமிழாசிரியர் ஒரு பாட்டு எழுதினார். ஓவிய ஆசிரியர் முன்பக்கச் சுவரில் இருந்த சைக்கிள் வாசகத்தை அழித்துவிட்டு ஆள் உயரத்துக்கு ஒரு வாளி வரைந்தார். அதன் கீழே அன்று சாயங்காலமே பதினோரு சைக்கிள் நின்றன.

நாத்தனார் மெல்லப் பெரிய டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், அடையாளம் வந்தாச்சு. இனி தளத்தைப் பூசச் சொல்லிக் கேக்கலாமே?"

பெரிய டீச்சர் அறுபத்திரண்டாவது கடிதத்தை எழுதினார். இந்தத் தடவை மூன்றே நாளில் பதில். தங்கள் பள்ளியின் அடையாளத்தை அழிக்கும் நோக்கத்துடன் தாங்கள் விண்ணப்பித்திருப்பது கவனத்துக்கு வந்துள்ளது. இதற்கான விளக்கத்தை ஏழு நாட்களுக்குள் கனிவுடன் சமர்ப்பிக்கவும்.

பெரிய டீச்சர் அன்று மோர்கூடக் குடிக்கவில்லை.

"சரி டீச்சர், எம் பொண்ணையாவது இடம் மாத்துங்க" என்றாள் நாத்தனார்.

"எப்படிம்மா மாத்துறது? பதினேழுங்கறது இப்ப இருக்கை இல்லை, பதவி. பதவியை விட்டு விலகணும்னா அதுக்குப் படிவம் வேணும். படிவம் இன்னும் அச்சாகலை."

இதற்கிடையில் நிறுவன நாள் விழா ஏற்பாடு வேறு. முதல் கடிதத்தின் தேதிதான் நிறுவன நாள். அதை எழுதியவர் நிதானமான மனுஷர் போலிருக்கிறது. மழையெல்லாம் நின்று, கோடை வந்து, தலை துவட்டிக்கொண்ட பிறகுதான் கடிதம் எழுதியிருக்கிறார். ஆகவே நிறுவன நாள் கொளுத்துகிற வெயிலில் வந்தது. அடையாளம் இல்லாமல் விழா எப்படி நடத்துவது? உடற்பயிற்சி ஆசிரியரும் காவலாளியும் காலையிலிருந்து ஏணியில் குடம் குடமாகத் தண்ணீர் ஏற்றித் தளத்தில் ஊற்றினார்கள். ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடு. எங்கள் தெருக் குழாயில் அன்று காற்று வந்தது.

சிறப்பு விருந்தினர் ஒரு பெரிய மனிதர். தலைநகரத்தில் கண்ணாடிக் கட்டடத்தில் உத்தியோகம். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அவர்தான் பதினேழு. கோட்டுப் போட்டுக்கொண்டு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் தலையில் இப்போது முடி இல்லை. சொட்டு நேராக நடு மண்டையில் விழுந்தது.

"அதே சொட்டு!" என்று சொல்லி அவர் விம்மி விம்மி அழுதார்.

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நானும் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். என் இளையவன் அந்தப் பள்ளியில்தான் படித்தான். அவன் எண் பதினெட்டு. ஒரே ஒரு எண்ணில் தவறவிட்டோமே என்று எனக்கு அன்றைக்கு உண்மையிலேயே இருந்தது. பழைய பதினேழுகள் எல்லாரும் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஒருவருக்கொருவர் "எத்தனையாவது வாளி நீங்க?" என்று விசாரித்துக்கொண்டார்கள். விழா முடிந்து எல்லாரும் போன பிறகு, தற்போதைய பதினேழு வாளியை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வந்தாள். அடுத்த வாரம் முழுக்கக் காய்ச்சலில் படுத்திருந்தாள்.

அவளைப் பார்க்க நானும் என் மூத்தவனும் போனோம். மூத்தவன் கொத்தனார். அதிகம் பேச மாட்டான். குட்டியின் முதுகில் கை வைத்துப் பார்த்தான். உள்ளே விசில் சத்தம்.

"அத்தை, அந்தத் தளத்துக்குப் போற ஏணி எங்கே இருக்கு?" என்றான்.

"சைக்கிள் கொட்டகைக்குப் பின்னாடி. ஏன்டா?"

"சும்மா கேட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கரண்டியும் ஒரு சின்ன மூட்டைச் சிமெண்டும் எடுத்துக்கொண்டு போனான். சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பி வந்துவிட்டான். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. வளர்ந்த பிள்ளையை எதற்குக் குடைவது?

அடுத்த மழை ஆரம்பித்தது. விழா அமளியில் பரீட்சையை மழைக்காலத்துக்கு அப்புறம் தள்ளிவைத்திருந்ததால் குட்டி இன்னும் ஒன்பதாம் வகுப்பில்தான் இருந்தாள். முதல் நாள் பெருமழை. வாளி காய்ந்து கிடந்தது. இரண்டாம் நாளும் காய்ந்து கிடந்தது. குட்டி இரண்டு நாள் இருமாமல் தூங்கினாள். நாத்தனார் எனக்குப் போன் செய்து, "அண்ணி, கடவுள் கண்ணைத் திறந்துட்டார்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த வாரம் முழுக்க நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஊரே கொந்தளித்தது. பள்ளியின் அடையாளம் காணாமல் போய்விட்டது!

முத்திரை ஐயா வந்து காலி வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். பள்ளி மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். பெற்றோர், பழைய பதினேழுகள், தையலகக்காரர், எல்லாரும் குடை பிடித்துக்கொண்டு நின்றோம். சங்கத் தலைவர் பேசினார்.

"நம்ம பாட்டன் தலையில சொட்டுச்சு. நம்ம அப்பன் தலையில சொட்டுச்சு. நாளைக்கு நம்ம பிள்ளை தலை காய்ஞ்சு கிடக்கணுமா? அறுபத்தொரு வருஷத்தை யாரோ ஒரு பாவி ஒரே நாள்ல அடைச்சுட்டான்! விடலாமா?"

"விடக் கூடாது!" என்றார்கள்.

நானும் விடக் கூடாது என்றேன். அவர் பேசுகிறபோது என் வீட்டுக்குள்ளேயே திருடன் புகுந்துவிட்டது போலக் கோபம் வந்தது. ஒழுகலை மீட்டுத் தரவும், அடைத்தவனைப் பிடிக்கவும் கோரும் மனு ஒன்று சுற்றி வந்தது. கையெழுத்துப் போட்டேன். பாதி வழியில் வந்துகொண்டிருக்கும்போதுதான், எதற்குப் போட்டோம் என்று நினைப்பு வந்தது.

வீட்டுக்குள் வந்தால் நாத்தனாரும் மூத்தவனும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, அடைச்சது நான்தான்" என்றான் மூத்தவன்.

நான் கையிலிருந்த குடையை அப்படியே தரையில் போட்டேன்.

"அடப்பாவி, நான் கையெழுத்துப் போட்டுட்டேனேடா! உன்னைப் பிடிச்சுக் குடுக்கச் சொல்லி!"

"நானும்தான் போட்டேன் அண்ணி" என்றாள் நாத்தனார். "அலுவலகத்துல இருந்துக்கிட்டுப் போடாம இருக்க முடியுமா?"

"உனக்குத் தெரியுமா இவன்தான்னு?"

"ஏணியைப் பிடிச்சுக்கிட்டதே நான்தான்."

நான் மூத்தவனைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான்.

"நானும் போட்டேன்மா."

"நீ எதுக்குடா போட்டே?"

"எல்லாரும் போடறப்ப நான் மட்டும் போடலைன்னா, அடைச்சது நான்தான்னு தெரிஞ்சுடாதா?"

அவன் சொன்னதும் நியாயம்தான். ஒரே வாரத்தில் ஒழுகல் நிற்க வேண்டும் என்றும், ஒழுகல் திரும்ப வேண்டும் என்றும் ஒரே வாயால் கேட்டவள் நான். கடவுள் என்ன செய்வார்? இரண்டையும் கொடுத்தார்.

அறுபத்தொரு வருஷமாகத் தளத்தை அடைக்க வராதவர்கள், ஓட்டை போட ஒன்பது நாளில் வந்தார்கள். வந்தவர்களுக்கு அந்தப் பழைய விரிசல் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாக அடைத்திருந்தான் என் பிள்ளை. உள்ளூரில் நல்ல கொத்தனார் யார் என்று விசாரித்து, கடைசியில் அவனையே கூப்பிட்டார்கள்.

சொட்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடைபாதையில் விழுகிற மாதிரி அவன் ஒரு முழம் தள்ளி ஓட்டை போட்டுப் பார்த்தான். முத்திரை ஐயா தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அளந்துவிட்டார்.

"தம்பி, இது போலி" என்றார் வருத்தமாக. "வரலாற்றை நாம் நகர்த்தக் கூடாது."

மறுபடி போட்டான். முத்திரை ஐயா கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நிமிஷத்துக்கு முப்பத்தாறு. என் பிள்ளையின் தோளில் தட்டி, "அசலைவிட அசல்" என்று சொல்லி ஒரு பாராட்டுச் சான்றிதழும் கொடுத்தார். அது எங்கள் வீட்டில் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. மாட்ட மனசு வரவில்லை.

இப்படி ஒரு தடவை பறிபோன அடையாளம் இன்னொரு தடவை பறிபோகக் கூடாது என்று மேலும் சில ஏற்பாடுகள் செய்தார்கள். முதல் ஏற்பாடு, அந்தத் தகர வாளி. அறுபத்தொரு வருஷத்து வாளி இல்லை அது, நாலாவது வாளி. ஆனாலும் அதைக் கழுவித் துடைத்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். சாவி முத்திரை ஐயாவிடம்.

"சார், வாளியை எடுத்துட்டீங்க. தண்ணி எங்கே விழும்?" என்று கேட்டாள் நாத்தனார்.

"வாளி வருவதற்கு முன்னால் எங்கே விழுந்ததோ, அங்கே."

குட்டி குடை கொண்டுபோனாள். குடை ஒழுகலின் இயல்பான பாதைக்கு இடையூறு என்று வாங்கி வைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவள் தலையைத் துவட்டிக்கொண்டே தாயிடம் கேட்டாள்.

"அம்மா, நான் ஃபெயிலாயிட்டா என் நம்பர் மாறுமா?"

"மாறும். புது வகுப்புப் பிள்ளைங்களோட சேர்த்து மறுபடி எழுதுவாங்க."

"ஆனா அதே ரூம்."

"ஆமா."

"பாஸானா?"

"பத்தாவது ரூம். அது ஒழுகாது."

"அப்ப பாஸே ஆயிடறேன்."

அன்றிலிருந்து அந்தப் பெண் படித்தாள் பாருங்கள், அப்படி ஒரு படிப்பு! நெஞ்சில் விசில் அடிக்கும், வாயில் பாடம் ஓடும். எந்தப் பாடத்தில் எவ்வளவு எடுத்தால் போதும் என்று அவளுக்குத் தெரியாது. ஒரே ஒரு பாடத்தில் போய்விட்டாலும் இன்னொரு மழை இந்த அறையிலே என்ற பயம். நான் தினமும் அவளுக்காக வேண்டிக்கொண்டேன். இந்தத் தடவை என்ன கேட்கிறோம் என்று யோசித்துத்தான் கேட்டேன்.

ஒன்பதாம் வகுப்பில் அவள்தான் முதல். இரண்டாவது வந்தவனுக்கும் அவளுக்கும் ஐம்பத்தாறு மதிப்பெண் வித்தியாசம். நாத்தனார் எங்கள் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாள். பெரிய டீச்சர் குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீயாவது தப்பிச்சே" என்று காதில் சொன்னாராம்.

முத்திரை ஐயாவும் அந்த முடிவைப் பார்த்தார். அவர் ஒரு நல்ல செய்தியை வீணாக்குகிறவர் இல்லை. உட்கார்ந்து அறிக்கை எழுதினார். ஒழுகலுக்கு நேர் கீழே, வாளி முதலிய இடையூறுகள் இன்றி, முழுமையாக அமர்ந்த முதல் மாணவி வகுப்பில் முதலிடம் பெற்றிருப்பது ஒழுகலின் கல்விப் பயனை ஐயத்துக்கு இடமின்றி நிறுவுகிறது. ஆகவே இந்த வசதியை அடுத்த வகுப்புக்கும் விரிவுபடுத்தப் பரிந்துரைக்கப்படுகிறது.

பெற்றோர் கூட்டத்தில் அதைப் படித்தார்கள். கைதட்டினார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் இருப்பது நியாயமா என்று எல்லாருக்கும் ஏற்கெனவே மனத்தாங்கல். நான் கைதட்டவில்லை. ஆனால் எழுந்து ஒன்றும் சொல்லவும் இல்லை. என் பக்கத்தில் இருந்தவள், "உங்களுக்கு என்ன, உங்க வீட்டுப் பொண்ணு மேலே வந்துட்டா" என்றாள்.

என் மூத்தவன் இந்தத் தடவை முடியாது என்று சொல்லிவிட்டான். வெளியூரிலிருந்து ஆள் வந்தது. பத்தாம் வகுப்பில், மூன்றாவது வரிசை, நடு பெஞ்சுக்கு நேர் மேலே, கச்சிதமாக வேலை முடித்துவிட்டுப் போனார்கள்.

பள்ளி திறந்த முதல் நாள் குட்டி புதுச் சட்டை போட்டுக்கொண்டு பத்தாம் வகுப்புக்குப் போனாள். அதே பிள்ளைகள், அதே அகரவரிசை. பெரிய டீச்சர் பதிவேட்டைத் திறந்து வரிசையாகப் பெயர் கூப்பிட்டார். பதினாறு வரைக்கும் வந்துவிட்டு, தண்ணீர் குடித்தார்.

"பதினேழு."

"உள்ளேன் டீச்சர்" என்றாள் குட்டி. சொல்லிவிட்டு மேலே பார்த்தாள்.

இதையெல்லாம் உங்களிடம் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. நானும் கையெழுத்துப் போட்டவள்தான், நீங்களும் அன்றைக்கு அந்த மைதானத்தில் குடையோடு நின்றீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பதினேழு இந்த வருஷம் யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

நான் கேட்பதெல்லாம் இதுதான். உங்கள் வீட்டில் ஓட்டையில்லாத வாளி ஒன்று சும்மா கிடந்தால், மழைக்கு முன்னால் கொண்டுவந்து என் நாத்தனார் மேசைக்கு அடியில் வைத்துவிட்டுப் போங்கள். பிளாஸ்டிக் வாளியானாலும் பரவாயில்லை, ரசீது கேட்காதீர்கள். அப்புறம், தயவுசெய்து அதன்மேல் தேதி மட்டும் எழுதிவிடாதீர்கள்.